கேப்டனின் பாராசூட்டை மடித்தவர்

எர்னா வைட்னர் எங்கள் கிளப்பில் இருபத்தெட்டு வருஷம் இருந்தும் ஒருநாள்கூடப் பறந்ததில்லை. யாராவது கூப்பிட்டால், "மேல போறவங்க போங்க. கீழ ஒருத்தி கால் ஊனி நிக்கணும்ல?" என்பார். எஞ்சின் இல்லாத கிளைடர்களை மலைச்சரிவிலிருந்து காற்றில் ஏற்றிவிடும் கிளப் அது. ஜெர்மனியின் ரோன் மலையில் எல்ம்பாக் என்ற எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சரிவும் ஒரு பெண்ணும்தான். அந்தப் பெண் அல்மா ராட்கே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புது விமானங்களை முதன்முதலில் ஓட்டிப் பார்த்த சோதனை விமானி. ஊரே அவரைக் கேப்டன் என்றுதான் அழைத்தது.

எர்னா அந்தக் கேப்டனுக்குப் பாராசூட் மடித்துக் கொடுத்தவர். போர் முடிந்து, தோற்ற நாட்டில் மறுபடி பறக்க அனுமதி கிடைத்து, கிளப் தொடங்கியபோது இங்கேயும் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் கேண்டீனில் ப்ளம் கேக் வெட்டிக் கொடுப்பார். மற்ற நாட்களில் நீள மேசையில் பாராசூட்டை விரித்து மடிப்பார். மடித்து முடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். வேறு யாரும் அந்த மேசையைத் தொடக் கூடாது. "எர்னா, அதுக்குள்ள என்ன நகையா வச்சிருக்கீங்க?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு பாராசூட்டோடும் கட்டும் சீட்டில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

நான் லுட்கர் ஹம். தபால் நிலையத்தில் வேலை. 1961-ல் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். பிறகு கிளப்பின் செயலாளர் ஆனேன். எனக்குக் கேப்டனை ரொம்பப் பிடிக்கும். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் தனியாகப் பறந்த மூன்றாவது நாள் திடீரென்று காற்று செத்துவிட்டது. கிளைடர் கல்லாக இறங்குகிறது. ரேடியோவில் அவர் குரல் வந்தது: "லுட்கர், நல்லா பயப்படு. ஆனா கைய மட்டும் ஆட்டாத." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தரைக்கு வந்தேன். ஐந்தடி உயரம், குருவி மாதிரி உடம்பு, தாடையில் ஒரு தழும்பு. அறுபது வயதிலும் பெண்கள் பிரிவில் தூரச் சாதனைகள் படைத்துக்கொண்டிருந்தார்.

நகரத்திலிருந்து பத்திரிகைக்காரர்கள் அவ்வப்போது வருவார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "போர்க்காலத்துல பெர்லின்ல அந்த ஆட்சி குடுத்த பதக்கத்துக்காக வருத்தப்படுறீங்களா?"

"நான் பறந்தேன். பறந்ததுக்கு எதுக்கு வருத்தப்படணும்?"

"வதை முகாம்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"நான் மேல இருந்தேன் தம்பி. மேலேர்ந்து பாத்தா ஆறும் காடும்தான் தெரியும்."

நாங்கள் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். எர்னா அப்போதெல்லாம் கேண்டீன் ஜன்னலுக்குப் பின்னால் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பார்.

1978 இலையுதிர் காலத்தில் கேப்டன் இறந்தார். இதயம் நின்றுவிட்டது. நகரத்துப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. கடைசிவரை ஒரு வார்த்தைகூட வருந்தாத பெண் என்றன. ஊருக்குக் கோபம். கிளப் தலைவர் ஸாலர், மரம் அறுக்கும் ஆலை வைத்திருப்பவர், புதிதாகக் கட்டிய விமானக் கொட்டகைக்கு அல்மா ராட்கே பெயரை வைக்க வேண்டும் என்றார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

மார்ச் மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. கிளப் முகவரி, போலந்து முத்திரை. உள்ளே நல்ல ஜெர்மன். யாரோ ஒரு பாதிரியார் எழுதிக் கொடுத்தது. ஹலினா கோவால் என்ற பெண்ணின் கடிதம் அது.

போரின்போது தன் தாய் ஸ்டெஃபானியா மஸூர் சந்தைக்குப் போன இடத்தில் பிடிக்கப்பட்டு, எல்ம்பாக் விமானத்தளத்துக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டாள். ஒரு பெண் விமானியின் பாராசூட் விவகாரத்தில் குற்றம் சாட்டி அவளை அங்கிருந்து கொண்டுபோனார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். வடக்கே ஒரு பெண்கள் முகாமில் செத்துப்போனாள். 'விமானி இறந்த செய்தியைப் பார்த்தேன். அங்கே நடந்ததை நினைவில் வைத்திருப்பவர் வேறு யாராவது இருக்கிறார்களா? அம்மாவை எந்த நாளில் கொண்டுபோனார்கள் என்றாவது தெரிய வேண்டும்.' அவ்வளவுதான். வசவு இல்லை, மிரட்டல் இல்லை.

ஸாலரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "பாவம்தான். ஆனா இப்ப இத எடுத்தா பத்திரிகைக்காரனுக்குத் தீனி. பேர் வைக்கிற விழா முடியட்டும், அப்புறம் பாக்கலாம். டிராயர்ல போடு."

டிராயரில்தான் போட்டேன். பத்து நாள் அங்கேயே கிடந்தது. தளத்தில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது எர்னா ஒருவர்தான் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். பதினோராம் நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அடுப்படி மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ஒருமுறைதான் படித்தார். பிறகு கத்தியைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்தார்.

"மார்ச் பதினொண்ணு. சனிக்கிழம. காலைல பத்தர மணி" என்றார்.

அன்றும் மறுநாளுமாக இரண்டு மதியங்கள் அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எர்னா சட்டை தைக்கும் குடும்பத்துப் பெண். 1937-ல் பள்ளத்தாக்கில் விமானத்தளம் வந்தபோது நேர்த்தியான கைவேலை தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தார். பாராசூட் மடிக்கும் கொட்டகையில் வேலை. பட்டுத்துணியை நீள மேசையில் விரித்து, கயிறுகள் நகராமலிருக்க அவற்றின் மேல் ஈயக் குண்டு தைத்த சிறு பைகளை வைத்து, மடித்தபின் பைகளை எடுத்துவிட வேண்டும். அந்தப் பைகளை அவரவரே தைத்துக்கொள்வார்கள். எர்னாவின் பைகள் நீலக் கட்டம் போட்டவை, தன் பழைய ஏப்ரனில் தைத்தவை. மடிப்பு முடிந்ததும் ஏழு பைகளும் அலமாரிக்குத் திரும்பிவிட்டனவா என்று எண்ணிப் பார்ப்பது சட்டம்.

கேப்டன் தளத்துக்கு வந்த வாரத்திலேயே எர்னாவைத் தன் ஆளாகப் பிடித்துக்கொண்டார். "நீ மடிச்சதுதான் வேணும். மத்தவங்க துணி மடிக்கிறாங்க, நீ உயிர மடிக்கிற" என்றாராம். இதைச் சொல்லும்போது, முப்பத்தைந்து வருஷம் கழித்தும், எர்னாவின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அது வந்ததற்காக உடனே வெட்கப்பட்டார்.

1942 இலையுதிர் காலத்தில் ஸ்டெஃபானியா வந்தாள். கோட்டில் 'பி' என்ற எழுத்து தைத்த துணி. போலந்துக்காரி என்று அடையாளம். மேசையின் மறுமுனையில் நின்று கயிறுகளை இழுத்துப் பிடிக்கும் வேலை. அவளோடு தேவைக்கு மேல் பேசக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவு. எர்னா உத்தரவை மீறவில்லை. "கொடும பண்ணல லுட்கர். நல்லது பண்ணவும் இல்ல. மேசக் கால் மாதிரி நெனச்சேன் அவள" என்றார்.

1944 மார்ச் ஆறாம் தேதி காலை எர்னாவுக்கு ஒரு தபால் வந்தது. கல்யாணம் பேசி வைத்திருந்த ஓட்டோ ரஷ்யாவில் காணாமல் போய்விட்டார் என்று ராணுவத்திலிருந்து. தபாலை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு கேப்டனின் பாராசூட்டை மடிக்க நின்றார். பாதியில் தாங்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் கால் மணி நேரம் அழுதுவிட்டு வந்தார். வந்து மீதியை மடித்தார், கட்டினார், சீட்டில் கையெழுத்துப் போட்டார். பைகளை எண்ணவில்லை.

ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை கேப்டன் ஒரு புது விமானத்தைச் சோதித்தார். இரண்டாயிரம் மீட்டரில் வால் முறிந்துவிட்டது. குதித்தார். பாராசூட் பாதிதான் விரிந்தது. கடைசி நேரத்தில் முழுசாக விரிந்து, உழுத வயலில் கொண்டுபோய் அடித்தது. தாடை உடைந்தது, கணுக்கால் உடைந்தது. உயிர் பிழைத்தார். சிக்கிய கயிறுகளுக்கு நடுவே ஒரு சிறு பை கிடைத்தது. நீலக் கட்டம்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கொட்டகைக்கு வந்தார். மேசை மேல் பையை வைத்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது" என்றார் எர்னா.

"மடிச்சப்ப கூட யார் இருந்தா?"

"போலந்துக்காரி."

"அவள மேசைல தனியா விட்டுட்டு எங்கயாவது போனியா?"

இதைச் சொன்னபோது எர்னா என் முகத்தைப் பார்க்கவில்லை. உரித்த உருளைக்கிழங்கு தண்ணீரில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஆளு நல்லவன் மாதிரி கேட்டான் லுட்கர். கதவத் தொறந்து வச்சுட்டு, வெளிய போறியான்னு கேக்கற மாதிரி. நான் போயிட்டேன். 'ஆமா, கால் மணி நேரம்'னேன். பொய் இல்ல பாரு. ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல. அந்தப் பையக் கடைசி மடிப்புல வச்சது நாந்தான். நான் அழுதுட்டு வந்தப்புறம் வச்சது. எனக்குத் தெரியும்."

"ஸ்டெஃபானியா அங்க இருந்தாளா?"

"நாலடி தள்ளி நின்னா. ஜெர்மன் ஓரளவு புரியும் அவளுக்கு. என்னப் பாத்தா. நான் பையப் பாத்துட்டு இருந்தேன்."

அன்று மாலை கேப்டன் ஆஸ்பத்திரிக்கு எர்னாவைக் கூப்பிட்டனுப்பினார். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பல்லிடுக்கில்தான் பேச்சு. போர்வை மேல் ஒரு காகிதம். போலந்துக்காரி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று தான் நம்புவதாகக் கேப்டன் கையெழுத்திட வேண்டிய காகிதம்.

"எர்னா, நீதானே?"

எர்னா போர்வை மேலிருந்த காகிதத்தையே பார்த்தார்.

"அந்தப் பைக்கு மேல கயித்துல போட்டிருந்த முடிச்சு உன் முடிச்சு. எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உன்ன அனுப்பிட்டா எனக்கு யாரு மடிப்பா? ஆறு வாரத்துல நான் மறுபடி பறக்கணும்." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "போ. போய்த் தூங்கு. ஓட்டோவப் பத்திக் கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு."

சனிக்கிழமை பத்தரை மணிக்கு சாம்பல் நிற வண்டி வந்தது. ஸ்டெஃபானியா கயிற்றை ஒழுங்காகச் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனாள்.

போர் முடிந்தது. ஜெயித்தவர்கள் வைத்த விசாரணை மன்றத்தில் ஒவ்வொருவரும் பழைய ஆட்சியில் தான் என்ன செய்தார் என்று காட்ட வேண்டியிருந்தது. யார் யாரிடமோ நற்சாட்சிக் கடிதம் வாங்கிக்கொண்டு வெள்ளையாகி வந்தார்கள். ஊரில் அதற்குச் 'சோப்புச் சீட்டு' என்று பெயர். 1947-ல் கேப்டன் எர்னாவின் வாசலில் வந்து நின்றார். "எனக்கு ஒரு சோப்புச் சீட்டு வேணும் எர்னா. உன் கையெழுத்து அழகா இருக்கும்."

எர்னா எழுதிக் கொடுத்தார். கேப்டன் எல்லோரிடமும் அன்பாக இருந்தார் என்றும், அயல்நாட்டுத் தொழிலாளர்கள் விஷயம் எதுவும் அவர் கவனத்துக்கு வந்ததில்லை என்றும். மன்றம் அதை நம்பியது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க முடியாத இரண்டு பெண்கள் அதன்பின் ஒரே ஊரில் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தார்கள். ஞாயிறுதோறும் ஒருவர் கேக் வெட்ட, மற்றவர் சாப்பிட்டார்.

ஒரே ஒருமுறை எர்னா கேட்டிருக்கிறார். 1963-ல், கேப்டன் சாதனை படைத்துவிட்டு வந்த நாள். தட்டை நீட்டியபடியே, "ஸ்டெஃபானியாவ எப்பவாவது நெனச்சுப்பீங்களா?" என்றாராம்.

"யாரு?" என்றார் கேப்டன்.

"நடிக்கல லுட்கர். நெஜமாவே மறந்துபோச்சு. நான் அவங்க முகத்த நல்லாப் பாத்தேன்" என்றார் எர்னா. "அன்னிக்குத்தான் எனக்கு அவங்க மேல கோபம் வந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் சேந்து சுமக்கறோம்னு நெனச்சிருந்தேன். நான் மட்டுந்தான் சுமந்திருக்கேன்." பிறகு அவரே தலையை ஆட்டினார். "அது என்ன கோபம்? அவங்க மறந்தா என் பாரம் கொறஞ்சுடுமா, ஏறிடுமா?"

ஏப்ரல் கடைசி ஞாயிறு, பறத்தல் முடிந்த பிற்பகல், பெயர் வைப்பதை முறைப்படி தீர்மானிக்கப் புது விமானக் கொட்டகையில் கூட்டம். ஸாலர் பேசி முடித்ததும் எர்னா எழுந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கூட்டத்தில் பேசியதே இல்லை. எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார், அழாமல். பை, கால் மணி நேரம், ஆஸ்பத்திரிக் காகிதம், சோப்புச் சீட்டு. பேசும்போது கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "எர்னா, இன்னிக்கு பியர் கொஞ்சம் ஸ்டிராங்கோ?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

ஸாலர் எழுந்து மென்மையாகத்தான் பேசினார். "எர்னா, போர்க்காலம். எல்லாரும் எதையோ பாத்தோம். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, ஞாபகம் குழம்பும். செத்தவங்களால பதில் சொல்ல முடியாது."

"ஸ்டெஃபானியாவாலயும் முடியாது" என்றார் எர்னா.

"உங்க மேல பழி போட்டுக்கறீங்க. யாராவது உங்கள ஏதாவது சொன்னோமா?"

"அதத்தான் சொல்றேன். யாரும் சொல்லல."

எனக்குத் தெரியும், அவர் என்னைப் பார்ப்பார் என்று. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. எழுந்து அதைப் படித்திருந்தால் ஞாபகக் குழப்பம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பு எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். வாக்கெடுப்பு நடந்தது. பெயர் வைக்க இருபத்தேழு கை, வேண்டாமென்று நாலு. இருபத்தேழில் ஒன்று என் கை. ஏன் தூக்கினேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரேடியோவில் வந்த அந்தக் குரல் ஒரு காரணம். ஸாலர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஸாலர் என் தோளைத் தட்டி, "குறிப்புல, 'திருமதி வைட்னர் சில நினைவுகளைப் பகிர்ந்துகொண்டார்'னு போடு, போதும்" என்றார். அப்படியே போட்டேன். எர்னாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் தபால் நிலையத்துக்கு வந்தார். நான் தலை நிமிரவில்லை. கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒரு உறையைத் தள்ளினார். "போலந்துக்கு. எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டணும்?"

"எர்னா, நேத்து நான்..."

"ஸ்டாம்பு எவ்வளவுன்னு கேட்டேன்." பிறகு குரல் தணிந்தது. "உனக்கு ஒரு நாள் லுட்கர். எனக்கு முப்பத்தஞ்சு வருஷம். உன்னத் திட்ட எனக்கு ஏது யோக்கியத?"

அந்த உறையில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். தேதி, கிழமை, மணி, தன் முழுப் பெயர். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் கண் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

ஹலினா எழுதியிருந்தாள்: 'தேதியைத் தெரிந்துகொண்டோம். இனி அந்த நாளில் தேவாலயத்தில் பூசை வைப்போம். மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அது அம்மா கொடுக்க வேண்டியது. நான் எடுத்துக் கொடுக்க முடியாது. அம்மா போகும்போது எனக்கு மூன்று வயது. எனக்கு எதுவும் நினைவில்லை. நீங்கள் ஒன்றரை வருஷம் அவள் எதிரில் நின்றிருக்கிறீர்கள். அவளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். எதையும் கூட்டி எழுத வேண்டாம்.'

எர்னா எழுதத் தொடங்கினார். மாதம் ஒரு கடிதம். ஸ்டெஃபானியாவுக்கு இடது கைப் பழக்கம். முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். ஊசியில் நூல் கோக்கும்போது மூக்காலேயே ஒரு பாட்டு முனகுவாள். மரச்செருப்புக்குள் வைக்கோல் திணித்திருப்பாள். ஒருமுறை எர்னாவின் மடிப்பில் இருந்த தப்பை விரலால் தொட்டுக் காட்டினாள்; எர்னா நன்றி சொல்லவில்லை. அதையும் எழுதினார். ஒவ்வொன்றையும் என்னிடம் படித்துக் காட்டித்தான் உறையில் போடுவார். முதல் கடிதங்கள் மூன்று பக்கம். எட்டாவது ஒரு பக்கம். பதினொன்றாவது நாலே வரி.

பன்னிரண்டாவது மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வெற்றுத் தாள் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவுதான் லுட்கர். தீந்துபோச்சு. ஒன்றர வருஷம் நாலடி தள்ளி நின்னவ. அவ கண்ணு என்ன நெறம்னு தெரியல எனக்கு."

"பழுப்புன்னு எழுதிடுங்களேன். அந்தப் பக்கம் பாதிப் பேருக்குப் பழுப்புதான்."

"கூட்டி எழுத வேண்டாம்னு சொல்லியிருக்கா."

பேனாவை எடுத்தார். 'உன் அம்மாவின் கண் நிறம் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு வாக்கியங்களோடு கடைசிக் கடிதம் போனது.

மூன்று வாரத்தில் ஒரு தபால் அட்டை வந்தது. அதை நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'சாம்பல் நிறம். சித்தி சொன்னாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. எர்னா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னை ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அதன்பின் அங்கிருந்து எதுவும் வரவில்லை. கொட்டகையில் கேப்டனின் பெயர்ப்பலகை ஒன்பது வருஷம் இருந்தது. கூரை மாற்றியபோது கழற்றினார்கள், மறுபடி யாரும் மாட்டவில்லை, ஏனென்று யாரும் கேட்கவும் இல்லை. அதைப் பார்க்க எர்னா இல்லை. அட்டை வந்தபின் நாலு வருஷம் இருந்தார். அந்த நாலு வருஷமும் காலையில் தபால் மூட்டையைப் பிரித்ததும் நான் போலந்து முத்திரை இருக்கிறதா என்று தேடுவேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.